ஆகாயம் காத்த அயர்ன் மாஸ்டர்

நம் நாட்டு ஆகாயத்தில் பாதியை ராணுவம் காக்கிறது. மீதியை எங்கள் பனியன் கம்பெனி அயர்ன் மாஸ்டர் காக்கிறார். இதை அவரே சொல்லியிருக்கிறார்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. கம்பெனியில் எல்லோரும் நடுத்தூரம் என்பார்கள். வானத்தில் வரும் எதிரியைத் தரையிலிருந்தே அடித்து வீழ்த்தும் ஏவுகணை இருக்கிறதல்லவா, அதில் நடுத்தர தூரம் போவதுதான் அவருக்கு உயிர். போனில் அதைத்தான் பார்ப்பார்.

"ரொம்பத் தொலைவுல அடிக்கறது பெருமைக்குங்க. தலைக்கு மேல வந்தப்புறம் அடிக்கறது பதட்டத்துலங்க. நடுத்தூரத்துல அடிக்கறவன்தானுங்க குடும்பஸ்தன்" என்பார்.

சாப்பாட்டு நேரத்தில் எங்கள் டிபன் பாக்ஸ்களை வாங்கிப் போர்முனை அமைப்பார். சாம்பார்த் தூக்கு ரேடார் லாரி. தயிர் டப்பா உத்தரவு போடும் லாரி. முருங்கைக்காய்தான் ஏவுகணை. சண்டை முடிந்து நாங்கள் சோற்றில் கை வைப்பதற்குள் பெல் அடித்துவிடும். கோயமுத்தூரில் இறங்கப் போகும் விமானச் சத்தம் கேட்டால் அயர்ன் பாக்ஸை அப்படியே விட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுவார். "நம்முளுதுதான், போகட்டுங்க" என்று அனுமதி கொடுத்துவிட்டுத் திரும்பினால் ஒரு டி-ஷர்ட் காலர் கருகியிருக்கும்.

"சண்டைன்னா சேதாரம் இருக்குமுங்க" என்பார்.

நான் செக்கிங் டேபிள். தைத்து வரும் பனியனில் ஓட்டையோ கறையோ இருந்தால் ஒதுக்க வேண்டும். இரண்டு வருஷமாகக் கண் மங்கல். யாரிடமும் சொல்லவில்லை, நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. ஒரு நாள் இன்சார்ஜ் வந்து நின்றார்.

"ஏனுங்கக்கா, உங்க டேபிள்ல இருந்து ஓட்டை பீஸ் தப்பிப் போகுதுங்க. வெள்ளிக்கெழம சரக்கு வாங்கற பையரோட ஆளு இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றாரு. அதுல ஒண்ணு மாட்டுனாலும் நீங்க ஊட்லயே இருந்துக்கோணுமுங்க."

எங்கள் பக்கம் வேலையை விட்டு அனுப்பினாலும் 'ங்க' போட்டுத்தான் அனுப்புவார்கள். எனக்கு அந்த வேலைதான் சோறு. அழுகை முட்டியது. துணியில் சொட்டினால் அதுவும் கறையாகிவிடுமே என்று அடக்கிக்கொண்டேன்.

அடுத்த டேபிளிலிருந்த நடுத்தூரம் காதில் இது விழுந்துவிட்டது. நான் பீஸைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பதையும் கவனித்திருப்பார் போல.

"ஏனுங்கக்கா, ரேடாருக்குக் கண்ணு இருக்குதுங்களா?"

"தெரியலீங்களே."

"இல்லீங்க! அது அலையை அனுப்பி ஆகாயத்தைத் தடவித்தான் பாக்குது. நீங்களும் தடவுங்க."

பனியனுக்குள் கையை விட்டுக் கண்ணை மூடச் சொன்னார். மெதுவாக விரலை ஓட்டினேன். தோள்பட்டை அருகே கடுகளவு ஓட்டை நகத்தில் தட்டியது.

"இங்கீங்க" என்றேன்.

"டார்கெட் சிக்கிருச்சு!" என்று கத்தினார். செக்ஷனே திரும்பிப் பார்த்தது. எனக்கு டேபிளுக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது.

தடவினால் கறை தெரியாதே? அதற்கு என் எதிரில் நின்ற ஒடிசாப் பெண் சபிதாவைப் போட்டார். "கறை ஒனக்கு கண்ணு, ஓட்டை அக்காவுக்கு. ஒரே லாரி எல்லாத்தையும் செய்யோணும்னு எந்த நாட்டுலயும் இல்லை." சபிதா, "டீக் ஹை, மாஸ்டர்" என்று இந்தியில் சரி சொன்னாள். அவளுக்குப் பாதி புரியவில்லை, எனக்கு மீதி புரியவில்லை. ஆனால் வேலை நடந்தது.

வெள்ளிக்கிழமை பையர் ஆள் பெட்டி பெட்டியாகப் பிரித்தார். நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓட்டை ஒன்றுகூட அகப்படவில்லை. அகப்பட்டது கருகிய காலர் ஒன்றுதான்.

"அது நம்முளுதுங்க" என்று நடுத்தூரம் கையைத் தூக்கினார். இன்சார்ஜ் அவரைப் பிடிபிடியென்று பிடித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "திங்கக்கெழம வழக்கம்போல வந்துருங்கக்கா" என்றார்.

நன்றி சொல்ல வேண்டும் என்று எத்தனையோ நாள் அயர்ன் டேபிள் வரைக்கும் போய், பக்கத்துப் பானையில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

ஆயுத பூஜை வந்தது. எல்லோரும் அவரவர் மிஷினைத் துடைத்துப் பொட்டு வைத்தார்கள். எனக்குத்தான் மிஷின் கிடையாதே, சுவரோரம் நின்றேன். நடுத்தூரம் சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்து சபிதாவிடம் நீட்டினார்.

"அக்கா கைக்கு வெய்யி கண்ணு. பத்து விரலுக்கும்."

அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டை நான் கரண்டியால்தான் சாப்பிட்டேன்.