நொண்டி வாத்தின் நிரந்தர வாடிக்கையாளர்

பப் என்கிற மதுக்கடைக்குப் போகிறவன் ஒரு ரகம், போகாதவன் ஒரு ரகம். இரண்டிலும் சேராத மூன்றாவது ரகம் ஒன்று இங்கிலாந்தில் எங்கள் லங்காஷயரில் ஏராளமாய் விளைகிறது. அது மூடிய பப்புக்கு மட்டுமே போகிறவன். திறந்திருந்த காலத்தில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டான். பூட்டுப் போட்ட மறுநாளிலிருந்து அவன்தான் தினசரி வாடிக்கை.

இவனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பேருந்து நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கினால் பக்கத்தில் நிற்பான். "ம்ம்ம்... நம்ம 'நொண்டி வாத்து' பப் இருந்த காலத்துல..." என்று பெருமூச்சு விடுவான். தன் ஸ்டூல் எது, சுவரில் தன் குவளை எந்த ஆணியில் தொங்கியது, கடைசி நாளன்று தான் எப்படித் தேம்பித் தேம்பி அழுதான் என்பதெல்லாம் வரிசையாய் வரும். கடைசி நாளன்று அழுதவர்களை மட்டும் எண்ணினால் நானூறு பேர் தேறும். அந்தப் பப்பில் நெருக்கி உட்கார்ந்தால் நாற்பது பேருக்குத்தான் இடம். மிச்சப் பேர் யார் மடியில் உட்கார்ந்து அழுதார்கள்?

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ஏணி ஏறியவன் நான். இந்த ஊரில் பாதிக் கூரை நான் வேய்ந்தது. ஒழுகுகிறதெல்லாம் மற்ற பாதி. நொண்டி வாத்தின் கூரையும் என் கைவேலைதான். அங்கே நான் போனதற்குச் சான்றிதழ் வேண்டுமா? என் நெற்றித் தழும்பைப் பாருங்கள். வாசலைத் தாண்டி மூன்றாவது எட்டில் குறுக்கே ஒரு கறுத்த ஓக் மர உத்தரம் கிடந்தது. ஐந்தடி ஆளும் குனிந்துதான் போகவேண்டும். முதல் நாள் இடித்துக்கொள்வோம். மறுநாளிலிருந்து முதுகு தானாய் வளையும்.

ஊரில் இந்த மூன்றாவது ரகத்துக்கு ராஜா யார் என்றால், என் நண்பன் நார்மன் எண்ட்விசில். நண்பன் என்பதால் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவன் பெருமூச்சில் என் தொப்பி பறந்திருக்கிறது.

பப் கட்டடத்தை வாங்கிக் கம்பளக் கடை வைத்த கைசர் மஹ்மூத் நல்ல மனுஷன். பழைய வாடிக்கையாளர் பன்னிரண்டு பேரின் பெயரைப் பலகையில் எழுதிக் கடைச் சுவரில் மாட்டுகிறேன், ஆளை வின்னி அம்மாளே தேர்ந்தெடுக்கட்டும் என்றார். வின்னிதான் பப்பை முப்பது வருஷம் நடத்தியவள். இப்போது எண்பத்தொரு வயது. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கடை வாசலில் அறுபத்து மூன்று பேர் வரிசை. நார்மன் புது டை கட்டி வந்திருந்தான். பலகையில் தாத்தா பெயர் வரும் என்று பேரப் பிள்ளைகளுக்கெல்லாம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டானாம்.

முதலில் நான் நுழைந்தேன். மூன்றாவது எட்டில் சட்டென்று குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் மேலே ஒன்றுமே இல்லை! கம்பளச் சுருள் உள்ளே வர இடைஞ்சல் என்று கைசர் உத்தரத்தை எடுத்துவிட்டிருக்கிறார். வெறும் காற்றுக்குக் கும்பிடு போட்டவன் மாதிரி அசடு வழிய நின்றேன்.

சுருட்டிவைத்த கம்பளத்தின் மேல் டீக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த வின்னி கண்ணடித்தாள். "ஆல்ஃப், உன் பேரு எழுதியாச்சு. வாயத் தொறக்காம அந்தப் பக்கம் நில்லு. பரீட்சை என்னன்னு புரிஞ்சுதில்ல?"

புரிந்தது. அடுத்து வருகிறவன் நார்மன்.

அவனைப் பார்த்து இருமினேன். குனிந்து காட்டினேன். இன்னொரு தரம் நன்றாய்க் குனிந்து காட்டினேன்.

"என்னடா ஆல்ஃப், இடுப்புப் புடிச்சிக்கிச்சா? கூரைமேல ஏறுற வயசா இது?" என்று கேட்டுக்கொண்டே, டையை நீவிவிட்டு, மணவறைக்குப் போகிற மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்த தலையோடு நேரே நடந்துவந்தான். உத்தரம் இருந்திருந்தால் மண்டை பிளந்திருக்கும்.

"வின்னி! என் ஸ்டூல் எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"நீதான்யா சொல்லணும்" என்றாள் வின்னி. பென்சில் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து அவன் மனைவி ஐரீன், "இதை மறந்துட்டீங்களே!" என்று அவன் மஃப்ளரோடு வேகமாய் உள்ளே வந்தாள். பப் என்றாலே மூக்கைச் சுளிக்கிற ஐரீன். ஒன்று, இரண்டு, மூன்றாவது எட்டில் தலையை அழகாய்க் குனிந்து, நிமிர்ந்து, வந்து நின்றாள்.

"வா கண்ணு," வின்னி பென்சிலை எடுத்தாள். "வழக்கம்போல அரைக் குவளை ஸ்டவுட் பீரா? இன்னிக்கு டீதான்."

நார்மன் வாய் திறந்தபடி இருந்தது. "நீ... நீ எப்பம்மா இங்க வந்தே?"

"வியாழக்கிழமை வியாழக்கிழமை. நீங்க டீவி முன்னால தூங்குறப்ப."

"பூ அலங்கார வகுப்புன்னு சொன்னியே!"

"இருபது வருஷத்துல ஒரு பூவாவது வீட்டுக்கு வந்துச்சா?"

அன்றைக்கு அந்தக் கடையில் குனிந்து வந்தவர் பதினோரு பேர்தான். அவர்களெல்லாம் தலைநிமிர்ந்து வெளியே போனார்கள். நிமிர்ந்து வந்தவர்கள் தலைகுனிந்து போனார்கள். பன்னிரண்டாவது இடம் காலியாகவே இருக்கிறது. வின்னி யாருக்கும் தரவில்லை. ஐரீனின் பெயர் ஐந்தாவது. நார்மனா? வாராவாரம் யாரையாவது கடைக்குள் இழுத்துப்போய், "எண்ட்விசில்னு போட்டிருக்கு பாரு, எங்க குடும்பப் பேரு" என்று காட்டுகிறான். அதற்கு முன்னால் இருக்கும் 'ஐ' என்ற எழுத்தை மட்டும் கட்டைவிரலால் மறைத்துக்கொள்கிறான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் தெருமுனையிலும் ஏதோ ஒரு கடை, ஒரு கொட்டகை மூடிப் போயிருக்குமே, அதைப் பற்றி நீங்களும் நாலு பேரிடம் பெருமூச்சு விட்டிருப்பீர்களே. ஒருநாள் அந்த வாசலில் நுழைந்து மூன்று எட்டு வைத்துப் பாருங்கள். உங்கள் தலை அங்கே குனிகிறதா, வெளியே வந்த பிறகு குனிகிறதா?