அஞ்சா நெஞ்சர் ஒளிய இடம் கேட்டு எழுதியது

மானாம்பதி அருகிலிருந்து,
ஆடி மாதம் 22, வியாழக்கிழமை

அம்பத்தூரில் இருக்கும் அன்பு மைத்துனர் தினேஷ்குமார் அவர்களுக்கு, தங்கள் அக்காள் புருஷன் முத்துகிருஷ்ணன் அநேக ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. அங்கே தாங்களும் சுதாவும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இன்றைய தேதியில் தங்கள் சௌக்கியத்தைத்தான் நான் மலைபோல நம்பியிருக்கிறேன், ஏனென்றால் இங்கே சௌக்கியம் இல்லை. தங்கள் அக்காள் கனகா மட்டும் நன்றாக இருக்கிறாள். பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. சொர்ணவாரி நெல் அறுத்தாயிற்று. மற்றபடி எனக்கு எட்டு நாளாக வயிறு நிற்கவில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனை அணைத்து அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டேன். ஏனென்றால் என் நம்பரை எட்டடி பேனரில் அச்சடித்து பஸ் ஸ்டாப் புளியமரத்தில் கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு மருதம், களியாம்பூண்டி பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் கூப்பிட்டு, எங்கள் ஊரிலும் இப்படி ஒரு பாதை அடைபட்டுக் கிடக்கிறது, வந்து திறந்து கொடுங்கள் என்கிறார்கள். யாரிடம்? என்னிடம்! என் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறக்கவே நான் கனகாவைக் கூப்பிடுகிறவன்.

முதலிலிருந்து சொல்கிறேன். ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் நான் மோட்டார் கொட்டாயில் இருந்தபோது, காலனி மாரியம்மன் கோயில் பூசாரி வேதகிரியும், சர்ச்சில் மூப்பராக இருக்கிற தானியேலும் சேர்ந்து வந்தார்கள். அவர்கள் சேர்ந்து வருவது புதிதில்லை. ஆடிக் கூழுக்கு சர்ச் அண்டா கோயிலுக்குப் போகும், கிறிஸ்துமஸுக்குக் கோயில் ஷாமியானா சர்ச்சுக்கு வரும். நானும் வருஷா வருஷம் கூழுக்கு அரை மூட்டை கேழ்வரகு கொடுப்பேன், நோட்டீஸில் ‘முன்னிலை’ என்று என் பேர் வரும். அந்த நோட்டீஸில் வேறு என்ன எழுதியிருக்கிறது என்று இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட நான் படித்ததில்லை. நம் பக்கத்தில் யார்தான் படிக்கிறார்கள்? தன் பேர் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மீதியை அலமாரித் தட்டில் விரித்துவிடுவோம்.

“நைனா, உம் பேர மேல போட்டுக்கலாமா? நீதான் முன்னாடி நிக்கணும்,” என்றான் வேதகிரி.

“போட்டுக்கினு போப்பா, மோட்டார் ஓடிக்கினு கீது,” என்றேன்.

“நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க,” என்றான் தானியேல்.

“இதுல ரோசன பண்ண இன்னா கீது? வருசா வருசம் போடறதுதானே!”

தானியேல் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினான். அரை மூட்டை கேழ்வரகுக்கு இவன் எதற்கு அழுகிறான் என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. போட்டோ வேண்டும் என்றார்கள், கனகாவிடம் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு மடை மாற்றப் போய்விட்டேன்.

போன புதன்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே நான் நிற்கிறேன், கை கூப்பியபடி. இடது மூலையில் மாரியம்மன், வலது மூலையில் சிலுவை, நடுவில் நான். கீழே சிவப்பு எழுத்தில், “சுடுகாட்டுப் பாதை மீட்புக் கூட்டுக்குழுத் தலைவர், அஞ்சா நெஞ்சர் முத்துகிருஷ்ணன்.” அஞ்சா நெஞ்சராம்! மச்சான், இதற்குமேல் ‘தாங்கள்’ போட்டு எழுத எனக்குக் கை வரவில்லை, மன்னித்துக்கொள். பல்லி தோளில் விழுந்ததற்குப் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு மூன்று நாள் படுத்துக் கிடந்தவன் நான், உனக்கே தெரியும். போதாததற்கு அந்தப் போட்டோ உன் மகன் காதுகுத்தில் எடுத்தது. அதில் நீ என் தோளில் கை போட்டு நின்றாய். பேனர் கடைக்காரன் உன்னை வெட்டிவிட்டான், உன் கையை விட்டுவிட்டான். பச்சைக்கல் மோதிரத்தோடு ஒரு கை மட்டும் என் தோளில் உட்கார்ந்திருக்கிறது. டீக்கடையில் ஒவ்வொருத்தனாக வந்து, “தலைவரே, அது யார் கை? மெட்ராஸ்ல பெரிய எடமா?” என்று குசுகுசுவென்று கேட்கிறான். நான் இல்லை என்று சொல்லச் சொல்ல, அவர்களுக்கு அந்தக் கை பெரிதாகிக்கொண்டே போகிறது.

என் சித்தப்பா மகன் ஏகாம்பரத்தை உனக்குத் தெரியும், பத்து ஏக்கரும் இரண்டு டிராக்டரும் வைத்திருப்பவன். அவன் அந்தப் பேனருக்கு முன்னால் பத்து நிமிஷம் நின்று எழுத்து எழுத்தாகப் படித்திருக்கிறான். அப்புறம் நேராக நம் வீட்டுக்கு வந்து கனகாவிடம், “அண்ணி, அண்ணனுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா? வெயில்ல அலையாம பாத்துக்கோ,” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அவன் இவ்வளவு அன்பாகப் பேசி நான் என் ஆயுசில் கேட்டதில்லை. 

பாதை விஷயம் உனக்குப் பாதிதான் தெரியும். காலனியிலிருந்து ஏரிக்கரைச் சுடுகாட்டுக்குப் போகிற பாட்டை, வரைபடத்தில் எட்டடி அகலம். ஒரு பக்கம் என் வயல், மறுபக்கம் ஏகாம்பரத்தின் வயல். இப்போது அங்கே போய் நீ பார்த்தால் எட்டடி இல்லை, ஓரடி வரப்புதான் இருக்கிறது. கோயில்காரர்களுக்கும் சர்ச்காரர்களுக்கும் அந்தச் சுடுகாடு ஒன்றுதான். பாடையானாலும் பெட்டியானாலும் அந்த ஓரடி வரப்பில்தான் போக வேண்டும், நாலு பேர் சேற்றில் இறங்காமல் முடியாது. போன ஐப்பசி மழையில் தானியேலின் அம்மா போய்ச் சேர்ந்தது. சர்ச் வழக்கப்படி பலகைப் பெட்டி. இடுப்பளவு தண்ணீரில் வேதகிரிதான் முன்பக்கம் தோள் கொடுத்தான், கழுத்தில் மாரியம்மன் கோயில் மஞ்சள் கயிற்றோடு. நடுவயலில் கால் புதைந்து பெட்டி சாய்ந்துவிட்டது, மச்சான். பெட்டிக்குள் அந்தம்மா புரண்ட சத்தம் கேட்டது. பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவர்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். நான் எங்கே இருந்தேன் என்று கேட்கிறாயா? மோட்டார் கொட்டாய்க்குள் கதவைச் சாத்திக்கொண்டு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். 

இனி எழுதப்போவதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. அந்தப் பாட்டையை ஏகாம்பரம் மட்டும் தின்னவில்லை. வருஷா வருஷம் நடவுக்கு முன்னால் வரப்பின் பக்கவாட்டைச் செதுக்கி அண்டை வெட்டுவோம் இல்லையா, அப்போது மண்வெட்டியை இரண்டு விரற்கடை உள்ளே தள்ளிப் போடச் சொல்வோம். ஒரு போகத்துக்கு இரண்டு விரற்கடை, யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? என் அப்பா சொன்னார், நானும் சொன்னேன். ஏகாம்பரம் பக்கம் நாலடி, என் பக்கம் மூன்றடி. எதைத் திறக்க வேண்டும் என்று நான் கை கூப்பிக்கொண்டு பேனரில் நிற்கிறேனோ, அதில் மூன்றடி என் வயலுக்குள்தான் இருக்கிறது.

பேரை எடுத்துவிடச் சொல்ல வேதகிரி வீட்டுக்குப் போனேன். அவன் நாற்காலி போட்டு, டீ கொடுத்தான்.

“நைனா, உன் பக்கம் அண்டை வெட்டுனது யாரு?”

“நீதான். கூலிக்கு நீதானே வருவ.”

“உள்ள தள்ளி வெட்டுன்னு சொன்னது யாரு?”

நான் கூரைமேல் இருந்த காக்காயைப் பார்த்தேன்.

“நீ சொன்ன, நான் வெட்டுனேன். எங்க ஜனத்துப் பாட்டைய நானே வெட்டுனேன், அன்னிக்குக் கூலி வேணும் எனக்கு. அப்ப ரெண்டு பேரும்தானே போயி சொல்லணும்? நான் மட்டும் சொன்னா எவன் கேப்பான்? பாட்டையே கெடையாதுன்னு ஏகாம்பரம் சொன்னா முடிஞ்சிது. நெலத்துக்காரன் நீ சொன்னா எழுதிக்குவாங்க.”

“தானியேலுக்கு இது தெரியுமா?”

“தெரியாமலா உன் கையப் புடிச்சிக்கினு அயுதான்?”

அவன் மிரட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை கத்திவிட்டு வந்திருப்பேன். அவன் மிரட்டவில்லை, டீக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டான். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. தலைவர் வீட்டில்தான் கமிட்டி கூட வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்து ஒரு கூட்டமும் ஆராதனை முடிந்து ஒரு கூட்டமுமாக நம் கொல்லையில் வந்து உட்கார்ந்தார்கள். கொல்லையில் கனகா துணி துவைக்கிற கல் ஒன்று இருக்கிறதே, அது என்ன கல் என்று உனக்குத் தெரியாது. பாட்டை ஓரத்தில் சர்க்கார் நட்டிருந்த சர்வே கல். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் டிராக்டர் இடித்துச் சாய்ந்தது, மழையில் வீணாகப் போகிறதே என்று பத்திரப்படுத்த எடுத்து வந்தேன். பத்திரமாகத்தான் இருக்கிறது. கூட்டத்தன்று அதன்மேல் வைக்கோலைப் போட்டு மூடினேன். பசு வந்து வைக்கோலைத் தின்றுவிட்டது. தானியேலின் மகள் சுகிர்தா உத்திரமேரூரில் வக்கீல் ஆபீஸில் வேலை செய்கிற பெண், தாசில்தாருக்குப் போட்ட மனுவெல்லாம் அவள் எழுதியதுதான். இத்தனை இடம் இருக்க அவள் அந்தக் கல்லின் மேலேயே போய் உட்கார்ந்தாள். “பாட்டையோட சர்வே கல்லு மட்டும் கெடச்சிட்டா நம்ம கேஸ் பாதி முடிஞ்ச மாதிரி, பெரியப்பா,” என்று சொல்லிக்கொண்டே, கல்லில் வெட்டியிருக்கிற அம்புக்குறியை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். எனக்குக் காதில் கொய்யென்று சத்தம். “இன்னா பெரியப்பா, இப்படி வேர்க்குது?” என்று அவளே தன் துப்பட்டாவால் எனக்கு விசிறினாள்.

வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு தாசில்தாரும் சர்வேயரும் வயலுக்கு வருகிறார்கள். இரண்டு தரப்பையும் கேட்பார்களாம். ஏகாம்பரம் வாய்க்காலை அடைப்பான், நல்லது கெட்டதுக்குக் கூப்பிட மாட்டான், அதெல்லாம் பயம்தான். ஆனால் பெரிய பயம் அது இல்லை. சர்வேயர் என்னைப் பார்த்து, இங்கே பாட்டை இருந்ததா என்று கேட்பார். ஏகாம்பரம் எதிரே நிற்பான். நான் “தெரியாது” என்று சொல்லிவிடுவேன், மச்சான். எனக்கு என்னைத் தெரியும். என் வாய் தானாகச் சொல்லிவிடும். அதைச் சொல்லிவிட்டு, ஐப்பசியில் அடுத்த பெட்டி போகும்போது நான் எந்தக் கொட்டாய்க்குள் போய் ஒளிவேன்?

ஆகையால் உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஞாயிறு காலையில் கனகாவின் போனுக்குக் கூப்பிட்டு, உனக்கு நெஞ்சு வலி, மாமா உடனே வர வேண்டும் என்று சொல். நெஞ்சு வலி வேண்டாமென்றால் சுதாவை மாடிப்படியில் வழுக்கி விழச் சொல், மெதுவாக விழுந்தால் போதும். பத்து நாள் உன் வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாய் போட்டால்கூடப் போதும்.

குழந்தைகள் நன்றாகப் படித்து, பதினாறும் பெற்று, எந்த பேனரிலும் பேர் வராமல் நீடூழி வாழ வேண்டும் என்று இரண்டு கோயில் சாமிகளையும் வேண்டிக்கொள்ளும்,

உன் மாமா,
முத்துகிருஷ்ணன்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துவிட்டுக் கொல்லைப் பக்கம் கை கழுவப் போனால், துவைக்கிற கல்லைக் காணோம். ஈரப் பள்ளம்தான் இருக்கிறது. கனகா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“கல்லு எங்கடி?”

“வந்த எடத்துக்குப் போயிடிச்சி. தானியேலும் வேதகிரியும் வண்டியில வச்சி எடுத்துக்கினு போனாங்க. நான்தான் வரச் சொன்னேன்.”

“உனக்கு இன்னா தெரியும் அதப் பத்தி?”

“அம்புக்குறி போட்ட கல்ல எவன் துணி தோய்க்கச் செஞ்சி விக்கிறான்? பதினஞ்சி வருசமா தெரியும். அந்தம்மா பொட்டி சாஞ்சப்போ நீ கொட்டாயில ஒளிஞ்சிக்கினு இருந்த. நான் தண்ணியில எறங்கி அந்தப் பொட்டிய முட்டுக் குடுத்துக்கினு நின்னேன். அன்னியிலேர்ந்து அந்தக் கல்லுல உன் வேட்டிய அடிக்கும்போதெல்லாம் உன்னத்தான் அடிச்சேன். போட்டோ எதுக்குன்னு கேட்டுட்டுத்தான் குடுத்தேன். போ, ஒனக்காவ நிக்கிறாங்க.”

போனேன். அறுத்த வயலில் தானியேலும் வேதகிரியும் சுகிர்தாவும் கல்லை நடுவில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பக்கம் ஏகாம்பரம் டிராக்டர்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். “நட வேணாம், சர்வேயர் வரட்டும். இருந்த எடத்த மட்டும் காட்டுங்க பெரியப்பா,” என்றாள் சுகிர்தா. அந்த இடம் எனக்கு மட்டும்தான் தெரியும். கிணற்று மூலையிலிருந்து பதினெட்டு எட்டு வைத்தேன். என் வயலுக்குள் மூன்றடி உள்ளே போய் நின்று “இங்க” என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடியும் சொன்னேன். ஏகாம்பரத்துக்குக் கேட்டுவிட்டது. டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு போனான். வேதகிரி அந்த இடத்தில் உட்கார்ந்து மண்ணைக் கையால் சமன் செய்தான்.

ஆகையால் மேலே எழுதியது எல்லாம் ரத்து. நான் அங்கே வரவில்லை. சுதா விழ வேண்டாம். இதை ஸ்பீடு போஸ்ட்டில் போடுகிறேன், சனிக்கிழமை கிடைத்துவிடும். நீ ஞாயிறே கிளம்பி இங்கே வந்துவிடு, அந்த மோதிரத்தையும் போட்டுக்கொண்டு வா. திங்கட்கிழமை தாசில்தார் முன்னால் அதே வார்த்தையை நான் இன்னொரு தரம் சொல்ல வேண்டும். அப்போது நீ என் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்க வேண்டும், மச்சான். பேனரில் இருக்கிற கை எனக்குப் போதாது.