ஃபோர்மேன் ஓடினால்

ஊருக்குப் புத்தி சொல்கிற வேலை எனக்குச் சம்பளத்தோடு கிடைத்தது. சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் ஃபோர்மேன். தினமும் காலையில் எல்லாரையும் நிறுத்தி வைத்து, "சும்மா யாரும் ஓடக் கூடாது. ஆனா ஒரு ஆள் ஓடுனா, என்ன ஏதுன்னு கேக்காம அம்புட்டுப் பேரும் ஓடணும்" என்று தொண்டை கிழியக் கத்துவேன். (அவர்கள் கொட்டாவி விடுவார்கள், அது வேறு விஷயம்.) எங்கள் தொழில் அப்படி. ஓடுகிறவனை நிறுத்திக் காரணம் கேட்க நேரம் இருக்காது.

இப்படிப்பட்ட நானே ஒரு நாள் ஓடினேன்.

என் மகள் யாழினிக்கு ஆறாம் வகுப்பில் சர்க்கரை வியாதி வந்தது. உடம்பு இன்சுலினே சுரக்காத வகை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் தலைமையாசிரியர் அறையில் விரலில் குத்தி அளவு பார்த்து, அவளே ஊசி போட்டுக்கொள்வாள். அளவு சட்டென்று இறங்கினால்தான் ஆபத்து. கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், உடனே இனிப்புக் கொடுக்காவிட்டால் மயங்கிவிடுவாள். இது டீச்சருக்குத் தெரியும், கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இருந்தாலும், அளவு இறங்கினால் டாக்டர்கள் சொல்லும் 'லோ' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் புத்தி வேலை செய்யாது.

கம்பெனிக்குள் செல்போன் கூடாது. கேட்டில் வாட்ச்மேன் சுப்பையா அண்ணனிடம் கொடுத்துவிட வேண்டும். தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரித்த ஒரு முற்பகல், அவர் என் ஷெட் வாசலுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, டீச்சர் பேசுனாக. புள்ளைக்கு லோவாம்..."

மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேட்க நான் அங்கே இல்லை.

பின்பக்கக் கருவேலங்காட்டைத் தாண்டினால் பள்ளிக்கூடம். கம்பெனிக்குள் செருப்புக் கூடாது என்பதால் வெறுங்கால், முள்ளாவது மண்ணாவது! பின்னால் திமுதிமுவென்று சத்தம். திரும்பிப் பார்த்தால், மொத்தக் கம்பெனியும் வருகிறது! பாக்கிங் பெண்கள், கணக்குப்பிள்ளை, கடைசியில் என் போனைத் தூக்கிக்கொண்டு சுப்பையா அண்ணன். நிற்கச் சொல்ல எனக்கு மூச்சில்லை. சொன்னாலும் நின்றிருக்க மாட்டார்கள், என் பயிற்சி அப்படி.

வகுப்பு வாசலில் போய் விழுந்தேன். யாழினி மிட்டாயைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு உயிரே திரும்பி வந்தது. பட்டாசு மருந்துக்கான அலுமினியப் பொடி அப்பி மின்னிய என் முகத்தைப் பார்த்து முதல் பெஞ்சுப் பிள்ளை ஒன்று அலறியது.

"மிட்டாய் குடுத்துட்டோம், பயப்படாதீகன்னு சொன்னேனே சார்!" என்றார் டீச்சர்.

"அந்த மிச்சத்தச் சொல்லத்தான் நானும் ஓடியாரேன்" என்று சுப்பையா அண்ணன் மூச்சு வாங்கினார்.

பாக்கிங்கில் மூத்தவரான பேச்சியம்மாக்கா முன்னால் வந்தார். "அண்ணாச்சி, எங்கன வெடிச்சுச்சு?"

"எங்கனயும் வெடிக்கலக்கா. புள்ளைக்குச் சக்கரை கொறஞ்சிருச்சு."

"நல்லா இருப்பீக! ஒரு மிட்டாய்க்கா எங்கள இம்புட்டுத் தூரம் வெரட்டுனீக?"

திட்டிக்கொண்டே உள்ளே போய் யாழினியின் வேர்வையை முந்தானையால் துடைத்துவிட்டார். கால் மணி நேரம் கழித்து மறுபடி அளவு பார்க்கும் வரை ஒருவரும் நகரவில்லை. ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே முழுக்க முகங்கள். "ஏறிருச்சு!" என்று டீச்சர் சொன்னதும் எழுந்த சத்தத்தில் பக்கத்து வகுப்பு வெளியே ஓடி வந்துவிட்டது.

அப்போதுதான் முதலாளியின் கார் வந்தது. சீசனில் காலிக் கம்பெனியைப் பார்த்துவிட்டு, ஆட்கள் ஓடிய வழியை விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். என் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

பேச்சியம்மாக்கா சற்றும் அசரவில்லை. "ஒத்திகை மொதலாளி! போர்மேன் அண்ணாச்சி சொல்லாமக் கொள்ளாம வச்சாக. எம்புட்டு வெரசா வெளிய வந்தோம், பாத்தீகளா?"

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாசாமாசம் வைங்க" என்றார்.

வைக்கிறோம். கம்பெனியில் அதற்கு 'யாழினி ஓட்டம்' என்றே பெயர். யாழினி இப்போது பிளஸ் டூ. அளவு இறங்கினால் ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு அவள் டீச்சரிடம் சொல்வது இதுதான்:

"எனக்கு ஒண்ணுமில்ல டீச்சர். எங்கப்பாட்ட மட்டும் சொல்லிறாதீக. பாவம், அம்புட்டுப் பேரும் ஓடணும்."