கடல் மணம் கமழும் இல்லம்

நாகரிகம் எங்கே பிறந்தது என்று அறிஞர்கள் ஆற்றங்கரை ஆற்றங்கரையாகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். பாவம், யாரும் அவர்களுக்குக் கடலூர் அலைமகள் நகர் மூன்றாவது குறுக்குத் தெருவுக்கு வழி சொல்லவில்லை. 2010-ஆம் ஆண்டு, என் அக்காள் புருஷர் திரு. உத்திராபதி அவர்கள் 'கடலோர பாணி இல்ல அலங்காரம்' என்னும் அரும்பெரும் கலையை மனித குலத்துக்கு வழங்கியது அங்கேதான். குறிஞ்சிப்பாடியிலிருந்து ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போய் அக்காள் கையால் சாப்பிட்டுவிட்டு வரும் நான் இதற்கு நேரடிச் சாட்சி.

மாமா ஓய்வு பெற்ற அதிகாரி. எந்த இலாகா என்பது ரகசியமல்ல. அந்த இலாகாவுக்குத்தான் அவரை ஞாபகமில்லை. சிங்கப்பூரில் இருக்கும் மகன் கொண்டுவந்த ஒரு வழவழப்பான புத்தகத்தில், வெள்ளைச் சுவரில் வலையும் நங்கூரமும் தொங்குவதைப் பார்த்த அன்று அவருக்கு ஞானம் பிறந்தது.

"மச்சான், கடலோரத்துலயே குந்திகினு கடலோர ஸ்டைல் இல்லாம இருக்கமே, வெக்கமா இல்ல?" என்றார்.

எனக்கு உடனே வெட்கமாகிவிட்டது.

சுவரெல்லாம் வெள்ளை, கதவெல்லாம் நீலம் ஆயின. கடல் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஆனால் உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும் என்று எல்லா ஜன்னல்களையும் இறுக்கிச் சாத்தினார். அலைச் சத்தத்துக்குப் புதுச்சேரியிலிருந்து ஒரு சி.டி. வந்தது. "நெஜக் கடல்ல ஒரு ஒழுங்கு இல்ல மச்சான். இதுல பாரு, வால்யூம் இருக்கு."

தோட்டத்தில் அக்காள் தைலம்மாள் வளர்த்த முருங்கையும் கறிவேப்பிலையும் 'கடலோரத் தன்மையற்றவை' எனத் தீர்மானிக்கப்பட்டு வெட்டப்பட்டன. அங்கே அடப்பங்கொடி வந்தது. கடற்கரை மணலில் கால் வைக்கிற இடமெல்லாம் படர்ந்து கிடக்கும் அதே கொடிதான். மாமா அதைத் தொட்டியோடு நர்சரியில் வாங்கினார். "அது தானா மொளைச்சது. இது படிச்சவங்க வளர்த்தது."

அடுத்த ஆணை சமையலறைக்குப் போனது. வெள்ளைத் திரைச்சீலை வீணாகுமாம். "இனிமே இந்த ஊட்டுக்கு மச்சான் வரலாம். மச்சம் வரக் கூடாது." அக்காள் வைக்கும் வஞ்சிர மீன் குழம்புக்காகவே பஸ் ஏறுகிற நான் அன்று புடலங்காய்க் கூட்டு சாப்பிட்டேன். கலைக்காகத் தியாகம் செய்யாதவன் மனிதனா?

கூடத்தின் நடுவே பெரிய கண்ணாடிக் கிண்ணம் ஒன்று. அதில் சங்கும் சிப்பியும். காலை நடையின்போது மாமாவே பொறுக்கி வருவார். காய்ந்து வெளுத்து ஒதுங்கியவற்றைத் திரும்பியும் பார்க்கமாட்டார். அலை அப்போதுதான் போட்டுவிட்டுப் போன ஈரமான சங்குகளாகப் பார்த்து எடுப்பார். "கையில புடிச்சிப் பாரு மச்சான், என்னா கனம்! குவாலிட்டி!"

இந்த நிலையில்தான் மாடிப் போர்ஷனுக்கு ஆள் வந்தது. கதிர்வேல், ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். மனைவி சுவேதாவுக்கு எட்டாம் மாதம். உப்பனாற்றுக்கு அப்பால் ஒரு குப்பத்தில் குடியிருப்பவர்கள். முதல் பிரசவத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்துசேர நேரமாகிக் குழந்தை தங்கவில்லை. இந்த முறை ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு வீடு, அதுவும் பிரசவம் வரைக்கும். அவர்கள் கேட்டது அவ்வளவுதான்.

குப்பம் என்றதும் மாமாவின் மூக்கு தானாகச் சுருங்கியது. அப்போது கதிர்வேலின் அப்பா தங்கராசு வாசலில் நிற்பதைப் பார்த்தார். மூக்கு விரிந்தது.

"நீங்க கடலுக்குப் போறவரா? பழைய வலை இருக்குமா?"

"இருக்குதுங்க."

"துடுப்பு? நங்கூரம்? மெதப்புக் கட்டை?"

"எல்லாம் கெடக்குதுங்க. எதுக்குங்க?"

"ஊடு உங்களுக்குத்தான்! ஒரே கண்டிசன். மாடியில மீன், கருவாடு எதுவும் சமைக்கக் கூடாது."

"வலை வேணும், மீன் வேணாமாங்க?" என்று பெரியவர் குழம்பிப்போய்க் கேட்டார்.

"அதான் ஸ்டைலு!" என்றார் மாமா.

வலையைத் துவைத்துக் காயவைத்துக் கொண்டுவந்து, தங்கராசுவே கூடத்துச் சுவரில் கட்டிக் கொடுத்தார். மாமா அவரை நிற்கவைத்தே காபி கொடுத்துக் கௌரவித்தார்.

ஒரு மாதம் போயிற்று. நகர் நலச் சங்கம் 'சிறந்த கடலோர இல்லம்' போட்டியை அறிவித்தது. சங்கத்தின் தலைவர் மாமாதான். ஆனாலும் போட்டி நேர்மையாக நடக்கவேண்டும் என்று நடுவரைச் சிதம்பரத்திலிருந்து வரவழைத்தார். ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர் சின்னையன். போட்டி முடியும்வரை என்னையும் மாமா வீட்டோடு இருத்திக்கொண்டார்.

அந்த வாரம் பார்த்து வீட்டில் ஒரு நாற்றம் கிளம்பியது. சாதாரண நாற்றமில்லை. தெருப் பூனைகள் மொத்தமும் கூடத்து வாசலில் வந்து குந்திக்கொண்டன. ஒன்றுகூட மாடிப்படிப் பக்கம் திரும்பவில்லை.

"பூனைங்க கூடத்தையே பாக்குதே மாமா?" என்றேன்.

"டேஸ்ட் இருக்கற பூனைங்க மச்சான். டெக்கரேஷன் பாக்குது."

மாமா மாடிக்குப் போய், சமையலறையில் மோந்தார், அலமாரியில் மோந்தார், கடைசியில் சுவேதாவின் பக்கம் மூக்கைத் திருப்பினார்.

"நாங்க மீனத் தொட்டே ஒரு மாசம் ஆவுது சார்," என்றாள் அந்தப் பெண். நெத்திலிக்கு ஏங்கிய நாக்கைக் கட்டிக்கொண்டு ரசம் சாதம் தின்றுகொண்டிருந்தவள் அவள்.

"சமைக்கலன்னா என்னாம்மா? உங்க ஒடம்புலயே ஊறியிருக்கும். நீங்க என்னா பண்ணுவீங்க, பாவம்!"

இப்படிப் பெருந்தன்மையாகப் பேச எத்தனை பேருக்கு வரும்? அன்றிலிருந்து சுவேதா எலுமிச்சம் பழத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினாள். கழுவிவிட்டு மோந்து பார்ப்பாள். மறுபடி கழுவுவாள். அக்காள் அதைப் பார்த்துவிட்டு வந்து அடுப்படியில் அழுதாள்.

வியாழக்கிழமை சங்கத்தின் அவசரக் கூட்டம் வடையுடன் நடைபெற்றது. 'சுற்றுச்சூழல் நலன் கருதி மேல்மாடிக் குடும்பம் சனிக்கிழமைக்குள் காலி செய்யவேண்டும்' என ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

"இன்னும் மூணே வாரம் சார்," கதிர்வேல் கையெடுத்துக் கும்பிட்டான். "நெற மாசக்காரிய எங்க சார் இட்டுகினு போவேன்? கொழந்த பொறந்த மறுநாளே போயிடறோம்."

"கொழந்த எங்க வேணா பொறக்கும் தம்பி. போட்டி இங்கதான் நடக்குது."

சனிக்கிழமை ஒரு மினி லாரியில் சாமான் போயிற்று. பின்னால் ஆட்டோவில் சுவேதா போனாள். வலையைக் கழற்ற வந்த தங்கராசுவிடம் மாமா, "அது இருக்கட்டும் பெரியவரே, உங்க ஞாபகமா," என்றார்.

ஞாயிறு காலை நாற்றம் இரண்டு மடங்காக இருந்தது.

"பாத்தியா மச்சான்? ஆளு போயும் வாசன போவல. எவ்ளோ ஜாஸ்தி ஊறியிருந்தா இப்படி அடிக்கும்!"

அந்த நேரம் பேராசிரியர் உள்ளே நுழைந்தார். கால்களுக்கிடையே ஒரு பூனை புகுந்து நேராகக் கண்ணாடிக் கிண்ணத்தில் தலையைவிட்டது. அக்காள் பூனையை விரட்டிவிட்டு, ஒரு சங்கைத் தூக்கிக் கவிழ்த்தாள். கறுப்பாக, கொழகொழவென்று ஏதோ வடிந்தது. உள்ளே இருந்த பூச்சி செத்து அழுகியிருந்தது.

"அட பாவி மனுசா! நாத்தம் இங்கேர்ந்து வருது! உசுரோட இருந்ததப் பொறுக்கிகினு வந்து கொன்னுட்டு, புள்ளத்தாச்சிப் பொண்ணத் தொரத்துனியே!"

கூடத்தில் சி.டி. அலை மட்டும் ஒழுங்காக அடித்தது. மாமாவின் முகம் சுவரைவிட வெளுத்தது. பேராசிரியர் குனிந்து, கண்ணை மூடி, ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார்.

"அம்மா, பதறாதீர்கள். பழந்தமிழில் நாற்றம் என்றால் நறுமணம் என்று பொருள். கடலையே கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டாரே!"

முதல் பரிசு மாமாவுக்கு. கோப்பையில் 'கடல் மணம் கமழும் இல்லம்' என்று பொறித்துத் தந்தார்கள்.

"இப்பவாச்சும் அந்தப் பொண்ணத் திரும்பக் கூப்புடுங்க," என்றாள் அக்காள்.

மாமா யோசித்தார். "கூப்புடலாம். ஆனா மறுபடி நாத்தம் வந்துடுச்சின்னா?"

பத்து நாள் கழித்து அக்காளும் நானும் குப்பத்துக்குப் போனோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், உப்பனாற்றுப் பாலத்து நெரிசலில் ஆட்டோவிலேயே பிள்ளை பிறந்திருந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்தது அந்த ஆட்டோக்காரர் புண்ணியம். தங்கராசு எங்களை உட்காரவைத்து மீன் குழம்பு ஊற்றினார். அக்காள் தட்டைத் தள்ளிவைத்தாள். சங்குக் கிண்ணத்தின் கதையைச் சொல்லி முடித்தாள்.

சுவேதா குழந்தையைத் தொடுமுன் இரண்டு கையையும் மூக்கருகே கொண்டுபோனாள். தோல் உரிந்து சிவந்திருந்தது.

"அப்ப எம்மேல இல்லியாக்கா?" என்று கேட்டாள்.

மாமாவின் கலைத்திறன் எவ்வளவு பெரியது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் சங்கில் இருந்த நாற்றத்தை ஒரு பெண்ணின் கையில் ஒட்டவைத்துவிட்டு, கோப்பையை மட்டும் தன் அலமாரியில் வைத்துக்கொண்டார்.