அப்புத்துரையரின் பிக்கப் ஓடாது

இந்த முறை பரந்தனை விட்டு அசைவதில்லை என்று அப்புத்துரை முடிவெடுத்தார். ஆமி வரட்டும், ஷெல் வரட்டும், யமனே எருமையில் வரட்டும். அப்புத்துரை வரமாட்டார்.

முடிவு எடுப்பது லேசு. அதை மனுசி அமராவதியிடம் சொல்வதுதான் கஷ்டம். இத்தனை வருசக் குடித்தனத்தில் அவர் எடுத்த எந்த முடிவும் குசினிக்குள் போய் உயிரோடு திரும்பியதில்லை.

ஆனால் மனுசன் பகிடிக்கு அடம்பிடிக்கவில்லை. ஏற்கெனவே இரண்டு முறை வீட்டை விட்டு ஓடினவர். இரண்டு முறையும் திரும்பி வந்தபோது வீடு இல்லை. மூன்றாவதாகக் கட்டின இந்த வீட்டுக்கு முதிரைக் கதவு போட்டு ஒரு வருசம்கூட ஆகவில்லை. சாகப் பயம் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. இன்னொருக்கா மரத்துக்குக் கீழே படங்கு கட்டிப் படுப்பதை நினைக்க அதைவிடப் பயமாக இருந்தது.

அமராவதிக்கு வேறு பயம். முந்தநாள் ஒரு ஷெல் பக்கத்து வளவு மாமரத்தடியில் விழுந்தது. மாமரம் நிற்கிறது. அதன் கீழே நின்ற தவராசா இல்லை. புருசனை விட்டுவிட்டுத் தனியப் போகவும் அவளால் முடியாது, அவரோடு இருந்து சாகவும் மனமில்லை.

ஓடுவதற்கு அவர்களிடம் இருந்தது ஒரு பழைய பிக்கப். ஏதோ திட்டத்துக்கு வந்த வெள்ளைக்காரர் விட்டுப்போன அமெரிக்கக் கிழடு. மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடும். கிளச் கிடையாது, கியர் தானே மாறும். கியர் எண்ணெயைக் குளிர வைக்க, கியர்பெட்டியிலிருந்து முன்னால் ரேடியேற்றர் வரைக்கும் இரண்டு மெல்லிய குழாய் போகும். குழாய் இல்லையென்றால் எண்ணெய் நிற்காது, எண்ணெய் இல்லையென்றால் பிக்கப் நகராது.

விடிய, அமராவதி மாட்டடிக்குப் போன நேரம் அப்புத்துரை பிக்கப்புக்குக் கீழே பூந்தார். இரண்டு குழாயையும் கழற்றிக் கிணற்றுக்குள் போட்டார். ஒரு சொட்டு எண்ணெய் நிலத்தில் சிந்தவில்லை, அவ்வளவு கைப்பக்குவம்.

"என்னப்பா, மூட்டை கட்டட்டோ?" என்றாள் அமராவதி, பால் செம்போடு வந்து.

"கட்டி? பிக்கப் ஓடாது. கியர் எண்ணெய்க் குழாய் ரெண்டும் கறள் பிடிச்சு இத்துப் போச்சு."

"புதுசு போடேலாதோ?"

"உந்தப் பொருளாதாரத் தடைக்குள்ள சவுக்காரத்துக்கே வழியில்லை. அமெரிக்கக் குழாய்க்கு நான் எங்க போக?"

அமராவதி பிக்கப்பைப் பார்த்தாள். நிலத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"அப்ப இருப்பம்," என்றாள்.

அப்புத்துரைக்கு நம்ப முடியவில்லை. கலியாணத்துக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த முதல் வெற்றி. அந்தப் புளுகத்தில், சந்தோசம் தலைக்கேறி, அவள் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினார்.

"இருக்கிறதெண்டால் கூரை ஓட்டைக் கழட்டுங்கோ. ஷெல் அதிர்ச்சியில எல்லாம் நொருங்கிப் போம். நாங்கள் வளவுக்குள்ள வெட்டின பங்கருக்குள்ள படுப்பம்."

"ஓம், அதுவும் சரி."

"கதவு யன்னலையும் கழட்டுங்கோ. பாழாப் போகக்கூடாது."

"எங்க வைக்கிறது?"

"பிக்கப்புக்குள்ள அடுக்குங்கோ. ஓடாத பிக்கப்தானே. கறையானும் ஏறாது."

என்ன மூளை என்று அப்புத்துரை மெச்சிக்கொண்டார். வெயிலில் கூரையேறி ஓடு ஓடாகக் கழற்றி இறக்கினார். கதவைத் தோளில் சுமந்துபோய் ஏற்றினார். ஒன்றும் ஆடாமல் அசையாமல் கயிறு போட்டு இறுக்கினார்.

பின்னேரம் ஆனையிறவு ஆமிக் காம்ப் பக்கமிருந்து ஷெல் கூவத் தொடங்கியது. இரண்டாவது, வயலுக்குள் விழுந்தது.

"அமரா, பங்கருக்குள்ள இறங்கு."

"நீங்கள் பிக்கப்பில ஏறுங்கோ."

"ஓடாதெண்டு சொன்னனெல்லே."

"குனிஞ்சு பாருங்கோ."

குனிந்தார். நெல்லுக்கு மருந்தடிக்கிற மெசினின் றபர் ஓஸ் இரண்டு, ஒன்று அவருடையது, ஒன்று எதிர்வீட்டு மூக்கனுடையது, குழாய் போன வழியில் ஒழுங்காகப் போயிருந்தன. முனைகளில் இறுக்கமான கிளிப். அவர் கூரையில் நின்ற நேரம் அவள் பிக்கப்புக்குக் கீழே கிடந்திருக்கிறாள்.

"எண்ணெய்?"

"விட்டாச்சு. தானா இத்துப்போன குழாய், எண்ணெயை வாளிக்குள்ள பிடிச்சு, தூசி விழாமல் துணியும் கட்டி, விறகுக்குப் பின்னால ஒளிச்சு வைக்குமோ?"

அப்புத்துரை தன் கையைப் பார்த்தார். தடைக்குள் இத்தனை வருசம் சீவித்த கை. சாக முடிவெடுத்த பிறகும் எண்ணெயைக் கொட்ட அதுக்கு மனம் வரவில்லை.

"நீ போ. நான் என்ர வீட்டை விட்டிட்டு வரமாட்டன்."

"எந்த வீட்டை?"

திரும்பினார். நாலு சுவர் நின்றது. மேலே வானம். எல்லாம் அவர் கையாலேயே கழற்றினது. மனுசனுக்கு அழுகை வந்துவிட்டது.

"தவராசா அண்ணையைப் பாயில பொறுக்கி எடுத்தது நான்," என்றாள் அமராவதி. "உங்களையும் அப்பிடிப் பொறுக்க என்னால ஏலாதப்பா. ஷெல் எட்டாத ஸ்கந்தபுரத்தில போய் உந்தக் கதவுக்கு ஒரு வீடு கட்டுவம்."

அப்புத்துரை ஏறினார். கிழடு இருமியது, குலுங்கியது, நகர்ந்தது. படலை வரைக்கும் போனவர் பிறேக் போட்டார். மடியில் வீட்டுத் திறப்பைத் தடவினார்.

"பொறு, கதவைப் பூட்டேல்லை."

"கதவு பின்னால கிடக்கு," என்றாள் அமராவதி. "நேர பாத்து ஓடுங்கோ."