எஞ்சின் சித்தரும் திறக்காத பானட்டும்

திருமங்கலத்துக்கு இரண்டு கல் முன்னால் செவ்வாய்க்கிழமைதோறும் லாரிகள் வரிசைகட்டி நின்றன. டிரைவர்கள் கையில் எலுமிச்சம்பழம். முதலாளிகள் கையில் சேவல். வாகனத்தைப் பிடித்த பேயை ஓட்டும் எஞ்சின் சித்தர் அங்கேதான் இருந்தார். பெற்றோர் வைத்த பெயரே பேயாண்டி. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

அன்றைய வரிசையில் ஒன்பதாவது லாரி பழங்காநத்தம் நல்லகாமனுடையது. பகுத்தறிவுக் கூட்டம் எங்கே நடந்தாலும் முன்வரிசையில் உட்கார்ந்து, பேச்சாளர் முடிப்பதற்கு முன்பே கைதட்டுகிற ஆள் அவர். கறுப்புச் சட்டை மூன்று வைத்திருந்தார். அன்று மட்டும் வெள்ளைச் சட்டை.

'கடவுள் இல்லைன்னுதான சொன்னாங்க? எஞ்சின்ல பேய் இல்லைன்னு யாரும் சொல்லலையே' என்று மனச்சாட்சிக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டார்.

நடந்தது இதுதான். வண்டி கூடுதல் பாரம் இழுக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு, பெரிய துளை உள்ளவற்றை மாட்டச் சொன்னார் ஒரு மெக்கானிக்கிடம். மறுநாளே லாரி கரும்புகை கக்கியது. டீசலைக் குடம் குடமாகக் குடித்தது. மேட்டைக் கண்டால் முனகியது. வெங்காயம் ஏற்றுகிறவர்கள் வேறு வண்டி தேடிப் போனார்கள். இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் லாரியை விற்க வேண்டியதுதான். மாட்டிய மெக்கானிக்கோ, "சாமானும் புதுசு, வேலையும் சுத்தம். இது வேற ஏதோ அண்ணே" என்று கைவிரித்தான். நல்லகாமனுக்கும் ஏமாந்தோம் என்பதைவிட, பேய் பிடித்தது என்பது கௌரவமாகப் பட்டது.

கூட வந்திருந்த மனைவி அன்னக்கொடி, முன்னால் நின்ற எட்டு லாரிகளுக்கும் நடந்ததைக் கண்கொட்டாமல் பார்த்தாள். சித்தர் பானட்டைத் திறப்பார். மேலே சிவப்புத் துணியைப் போர்த்துவார். தலையையும் கைகளையும் உள்ளே விட்டுக் கால்மணி நேரம் முனகுவார். வியர்த்து வெளியே வருவார். புகை அடங்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

"ஏங்க, பேயை ஓட்டுறவரு எதுக்குக் கையை உள்ள விட்டுக் கொடையுறாரு?"

"சும்மா இரு. பேயி உள்ளதான இருக்கு."

"நம்ம ஸ்டவ்வுல திரிய ரொம்ப ஏத்திவிட்டா பானையெல்லாம் கரியாகுது. அதுக்கு நான் உடுக்கையா அடிச்சேன்? திரிய எறக்குனேன்."

நல்லகாமனுக்குச் சுருக்கென்றது. பி.யூ.சி.யில் எரிதல் பாடத்தை அவர் இரண்டு வருஷம் படித்தவர். அதாவது, முதல் வருஷம் தேறவில்லை.

அவர்கள் முறை வந்தது. அன்னக்கொடி பானட்டைக் கயிற்றால் இறுகக் கட்டினாள்.

"சாமி, தொறக்காம ஓட்டுங்க."

"மூடிக்கெடந்தா அது எப்படித் தாயி வெளியேறும்?"

"புகை வருதுல்ல? அது வார வழியா இதுவும் வரட்டும்."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சித்தருக்கு வேறு வழியில்லை. உடுக்கை அடித்தார். பதினோரு எலுமிச்சம்பழம் அறுத்தார். விபூதியை வாரி இறைத்தார். நல்லகாமன் வண்டியை முடுக்கினார். புகை முன்னைவிடக் கறுப்பாக வந்து சித்தரின் தாடியில் படிந்தது. பதற்றத்தில் அவர் இடுப்புப்பையை உதற, விபூதியோடு ஒரு திருப்புளியும் இரண்டு ஸ்பானரும் கீழே விழுந்தன.

பேயாண்டி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் டீசல் பம்பு மெக்கானிக் தாயி. பெரிய இன்ஜெக்டர் போட்டா, பம்புல டீசல் அளவைக் கொறச்சுத் திருகணும். அம்புட்டுத்தான் வித்தை. ஆறு வருசம் போர்டு மாட்டி உக்காந்தேன், ஒரு வண்டி வரல. வேப்பிலைய மாட்டுனேன், வரிசையில வாரீக."

"இப்ப எல்லாரும் பார்க்கத் திருகுங்க" என்றாள் அன்னக்கொடி.

துணி இல்லாமல், முனகல் இல்லாமல், பட்டப்பகலில் அரைச்சுற்றுத் திருகினார். கொஞ்சம் ஓட்டிப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு துளி. புகை வெளுத்து, இல்லாமலே போனது.

பத்தாவது லாரிக்காரர் மெல்ல முன்னே வந்து குனிந்தார்.

"சாமி, நம்ம வண்டிக்கு மட்டும் அந்தத் துணியப் போட்டே செஞ்சுருங்க."

நல்லகாமன் லாரியிலிருந்து குதித்து இறங்கினார்.

"யோவ்! பேயி எஞ்சின்ல இல்லய்யா. இம்புட்டு நாளா என் மண்டைக்குள்ள உக்காந்திருந்துச்சு. உன் மண்டையவும் ஒரு தடவ தொறந்து பாரு!"