மூன்று தூண்களுக்குக் காவல்

இந்த மெட்ராஸில் பூமியை ஒரு நிமிடம்கூட நம்பாமல், அதன் மேலேயே ஆயுள் முழுக்க நடந்து தீர்த்த மனிதர் ஒருவர்தான். கம்பி கட்டுகிற மேஸ்திரி. பெற்றவர்கள் என்ன பெயர் வைத்தார்களோ, மயிலாப்பூர் முதல் அடையாறு வரை எல்லா சைட்டிலும் அவர் 'பூகம்பம்'.

நான் ஐந்தாம் வகுப்பில் இரண்டு முறை தோற்றவன். மணல் சட்டி சுமந்தே கட்டட கான்ட்ராக்டராக மேலே வந்தவன். இன்று பட்டம் வாங்கிய இன்ஜினீயர்கள் என் முன்னால் கைகட்டி நிற்கிறார்கள். அப்படிப்பட்ட என்னைப் பார்த்து, "உனுக்கு ஒண்ணியும் தெர்ல நைனா" என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

டீக்கடையில் கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு டீயையே பார்த்துக்கொண்டிருப்பார். டீ லேசாக அலம்பினால் போதும், ஒரே பாய்ச்சலில் நடுரோட்டில் நிற்பார்.

"யோவ், பஸ்ஸு போச்சுய்யா!" என்று கத்துவார் டீ மாஸ்டர்.

"பஸ்ஸுன்னு நெனச்சவனத்தான் தோண்டி எட்த்தாங்கோ" என்பார் பூகம்பம். அதற்குமேல் யாருக்கும் டீ இறங்காது.

வாலிப வயசில் தம்பியோடு வடக்கே வேலைக்குப் போனவர். ஒரு காலையில் அந்த ஊர் குலுங்கியது. அவர் கையால் கம்பி கட்டிய கட்டடமே தம்பியின் மேல் உட்கார்ந்தது. இடிபாட்டில் அவர் பார்த்தது ரிங்குகளை. தூணுக்குள் நிற்கும் கம்பிகளைச் சுற்றி இறுக்கிப் பிடிப்பதுதான் ரிங்கு. அதன் முனையில் நேராக மடித்த கொக்கி எல்லாம் வாயைப் பிளந்து கிடந்ததாம். அன்று முதல் கொக்கியின் நுனியைத் தூணின் வயிற்றுக்குள் சாய்த்து வளைக்காமல் விடமாட்டார். ஒரு நாள் வேலையை நாலு நாள் இழுத்தடிப்பார்.

"மெட்ராஸ்ல எரிமல வருமாய்யா?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"பூமி ஒரே பாறையில்ல நைனா. தட்டுத் தட்டா நவுந்துகினு கீது. ஒரு தட்டு இன்னொண்ணுக்கு அடியில பூந்தா, அங்க பாறை உருகி மேல பொங்கும். நாம தட்டுக்கு நடுவால கீறோம். அதனால எரிமல இல்ல."

"அப்புறம் எதுக்குய்யா இந்த ஓட்டம்?"

"ஓரத்துல ரெண்டு தட்டு மாட்டிக்கினு, ஒருநாள் வுட்டுச்சுன்னா குலுங்கும். ஓரத்துல இட்ச்சா நடுவுல கேக்காதா?"

அடையாற்றில் ஆற்றோரம் ஒரு சைட். கீழே கார் நிறுத்த வெறும் தூண்கள், மேலே ஒன்பது வீடு. அவசரத்தில் மற்ற ஆட்கள் மூன்று தூணுக்கு நேர்கொக்கி போட்டுவிட்டார்கள். கான்கிரீட் வண்டி வாசலில் உருளை சுழல நிற்கிறது. பிரித்துக் கட்டினால்தான் ஆச்சு என்று பூகம்பம் குறுக்கே நின்றார். நான் எப்பேர்ப்பட்ட சாமர்த்தியசாலி! கட்டுக்கம்பி வாங்கிவர அவரைச் சைதாப்பேட்டைக்கு அனுப்பிவிட்டு, மூன்றையும் ஊற்றி முடித்தேன்.

திரும்பி வந்தவர் தூணைச் சுற்றி அடித்திருந்த பலகையில் உள்ளங்கையை வைத்தார்.

"ஊத்திக்கினியா?"

"ஊத்திட்டேன்."

"மேல ஒம்போது வூடு."

அவ்வளவுதான். வேலையை விட்டுப் போய்விட்டார். குடித்தனங்கள் வந்ததும் திரும்பி வந்து, அதே கட்டடத்தில் வாட்ச்மேன் வேலை கேட்டார். கொடுத்தேன். தினமும் ஒருமுறை விசில் ஊதி, ஒன்பது வீட்டையும் தெருவுக்கு ஓடப் பழக்கினார். தூணடியில் நின்றால் திட்டுவார். ஏனென்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"இவர் விசில்ல, குக்கர் எத்தனை விசில் வந்துதுன்னே தெரியமாட்டேங்கறது. இவரை மாத்துங்கோ" என்று முதல் மாடி மாமி என்னிடம் புகார் செய்தார். நானும் மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

பிறகு ஒரு பகலில், எங்கோ கடலுக்கடியில் தட்டு நழுவி, அடையாறு வரைக்கும் ஆடியது. விசில் கேட்டதும் எல்லோரும் தெருவில். மாமியின் கையில் கரண்டி. மூன்றாம் மாடியில் படுத்த படுக்கையாக இருந்த பெரியவரை மட்டும் காணவில்லை. பூகம்பம் மேலே ஓடினார். ஆட்டம் அதற்குள் நின்றுவிட்டது. அது தெரியாமல், பெரியவரை முதுகில் சுமந்து இறக்கி நடைபாதையில் படுக்கவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

கட்டடத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

அவருடைய காரியம் முடிந்ததும் ஒன்பது வீட்டையும் கூட்டி, நான் செய்ததைச் சொன்னேன். வாங்கவேண்டிய வசவை எல்லாம் வாங்கிக்கொண்டேன். மூன்று தூணையும் கொத்தி, சுற்றிப் புதுக் கம்பி கட்ட ஆள் வந்தது. அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, முதல் ரிங்கை நானே வளைத்தேன். மூன்று முறை வளைத்துப் பார்த்தேன். அவர் கை வளைத்த மாதிரி வரவில்லை.